இலை பார்க்கப் போகாத வாரம்

மகனே,

நீ அனுப்பிய ஏழு நாள் திட்டத்தை இதுவரை நான்கு தடவை வாசித்துவிட்டேன். ஐப்பசிக் கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பலேர்மோவிலிருந்து புறப்படுவது. முதல் இரண்டு இரவும் மதோனியே மலையில். மூன்றாம் நாள் நெப்ரொதி மலைக் காடும் அதற்குள் இருக்கும் ஏரியும். நான்காம் நாள் எட்னா எரிமலையின் வடக்குச் சரிவு. ஐந்தாம் நாள் மெசினாவில் காரோடு கப்பலேறி அக்கரையிலுள்ள கலாப்ரியா. ஆறாம் நாள் சீலா காடு, ஏழாம் நாள் வீடு. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கிலோமீற்றரும் ஓட்டும் நேரமும் எழுதியிருக்கிறாய். கடைசி நிரலில் காரின் ஐந்து இருக்கைகள். அதில் உன் பெயரும் என் பெயரும் மட்டும் இருக்கின்றன. கீழே, "அம்மா, வாறீங்களோ? இந்த ஞாயிறுக்குள்ள சொல்லுங்கோ, அறை புக் பண்ணவேணும்" என்று கேட்டிருந்தாய். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று பதில் போட்டேன். நான் தங்கி வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவிடம் லீவு கேட்கத் தயங்குகிறேன் என்று நினைத்திருப்பாய். லீவு கேட்ட அன்றே கிடைத்துவிட்டது. தயக்கம் வேறு. இன்னும் மூன்று கிழமையில் நீ இதே காரோடு ஜெனோவாக் கப்பலில் ஏறி, அங்கே துறைமுக வேலைக்குப் போய்விடுவாய். அதற்கு முன் ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லாமல் அந்தக் காரில் ஏற எனக்கு மனம் வரவில்லை. சொன்ன பிறகு ஏற விடுவாயோ என்பதும் தெரியவில்லை.

இதை ஏன் உனக்கு மட்டும் எழுதாமல் நம் கத்தோலிக்கப் பங்கின் தமிழ் மாத இதழில் எழுதுகிறேன் என்று கோபப்படாதே. நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. பிழை எந்தப் பக்கத்தில் அச்சானதோ, திருத்தமும் அந்தப் பக்கத்திலேயே வர வேண்டும். முதல் பக்கத்தில் ஒருவரைப் பற்றிப் பிழையாக எழுதிவிட்டு ஆறாம் பக்கத்தின் மூலையில் வருத்தம் தெரிவிப்பது கோழைத்தனம் என்பார் எங்கள் ஆசிரியர். நான் சொன்ன முதல் பொய்யைக் கோவில் முற்றத்தில், பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது சொன்னேன். ஆகவே திருத்தமும் அந்த முற்றத்தில் விநியோகிக்கப்படும் இதழில்தான் வர வேண்டும். ஆனால் இரண்டாவது பொய் நம் வீட்டுக்குள் சொல்லப்பட்டது. அதனால் இந்தப் பிரதி, அச்சுக்குப் போவதற்கு மூன்று நாள் முன்னதாக உன் கைக்கு வருகிறது. அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நீ சொன்னால் கொடுக்க மாட்டேன்.

உனக்கு அப்போது பதினான்கு வயது. நாங்கள் நகரின் கால்சாப் பகுதியில் அந்த இரண்டு அறை வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்று எழுதினாலும் நீயும் அப்பாவும்தான் இருந்தீர்கள். நான் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் இப்போதைய சிஞ்ஞோராவின் அக்காவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தேன். வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எனக்கு வீடு. அப்பா வேலை செய்த உணவகம் புதன்கிழமை மூடியிருக்கும். உங்கள் புவியியல் ஆசிரியை ஒரு நாள் வகுப்பில், ஐரோப்பாவின் தெற்குக் கோடியிலுள்ள, பீச் என்ற மரத்தின் காடுகளில் சில நம் தீவிலேயே, பலேர்மோவிலிருந்து இரண்டு மணி ஓட்டத்தில் இருக்கின்றன, ஐப்பசியில் அவை மஞ்சளும் செம்புமாக மாறும் என்று படம் காட்டியிருக்கிறார். நீ நம்பவில்லை. நம் வீட்டுக்கு எதிரே இருந்த பெரிய ஃபிக்கஸ் மரங்கள் வருடம் முழுவதும் ஒரே பச்சை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாய். கடற்கரை ஊரான பேசாலையில் பிறந்த அந்த மனிதனுக்கு இலை நிறம் மாறும் காட்டைப் பற்றி என்ன தெரியும்? "வா, கண்டுபிடிப்பம்" என்றாராம். அடுத்த புதன்கிழமையே இருவருமாக நீலக் கொப்பி ஒன்று வாங்கிவிட்டீர்கள்.

அந்த வருடம் நம் குடும்பத்தில் அதற்கு முன்போ பின்போ நடக்காத ஒன்று நடந்தது. உணவகத்தைத் திருத்துவதற்காக ஐப்பசிக் கடைசியில் இரண்டு கிழமை மூடினார்கள். அதே நேரம் அப்போதைய சிஞ்ஞோரா மிலானிலிருந்த மகளிடம் ஒரு வாரம் போனார். வீட்டு வேலைக்காரருக்கு லீவு என்றால் ஆகஸ்ட், முதலாளிமார் கடலுக்குப் போகும்போது. அப்போது மலையில் எல்லாம் பச்சை. இலை மாறும்போது நமக்கு லீவு கிடைப்பதென்பது அந்த ஒரு தடவைதான். உன் கொப்பியில் ஏழு நாளுக்கும் ஏழு பக்கம் இருந்தது. எந்த உயரத்தில் எந்த மரம், எந்த வளைவில் கார் நிறுத்தலாம், எந்த ஊரில் பெற்றோல் நிரப்பவேண்டும் என்று இத்தாலியனில் எழுதியிருந்தாய். அதன் பக்கத்தில் அப்பாவின் தமிழ். நான் வியாழக்கிழமை வந்து பார்க்கும்போது திட்டம் பாதி முடிந்திருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அது கொஞ்சம் குத்தியது. நான் இல்லாத நாட்களில் என் வீட்டில் ஒரு சந்தோஷம் தன் பாட்டுக்கு வளர்ந்திருந்தது. பின்னால் நான் செய்ததற்கு அது காரணம் இல்லை என்றுதான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக் காரணம் இல்லைத்தான். ஆனால் அதுவும் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து முற்றத்தில் நிற்கிறோம். மெற்றில்டா அக்கா வந்தார். அவரை உனக்குத் தெரியும், நம்மோடு ஒரே வருடம் பலேர்மோவுக்கு வந்தவர், நம் ஆட்களில் யார் எங்கே போனாலும் வந்தாலும் அறிந்து வைத்திருப்பவர்.

"என்ன, ரெண்டு பேருக்கும் லீவாம். எங்கை போறியள்? லண்டனுக்கோ?"

"இல்லை அக்கா. இஞ்சைதான், மலைப்பக்கம்."

"மலையிலை ஆர் இருக்கினம்?"

 நம் ஆட்கள் காரில் ஒரு வாரம் போனால் அங்கே ஒரு கலியாணம் இருக்கும், ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு இருக்கும், அல்லது ஒரு செத்தவீடு இருக்கும். இலை பார்க்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? முந்தின மாதம் ஒரு குடும்பம் வெனிஸுக்குச் சும்மா போய் வந்ததற்கே, "காசு கடிக்குது போலை" என்று இதே முற்றத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. வாயில் வந்ததைச் சொன்னேன். "திந்தாரி மாதாவிட்டைப் போறம் அக்கா. ஒரு நேர்த்திக்கடன்."

மாதா கோவில் உள்ள அந்தத் திந்தாரி உன் கொப்பித் திட்டத்தில் இருந்தது உண்மைதான். ஐந்தாம் நாள் மெசினாவுக்குப் போகிற வழியில், மதியச் சாப்பாட்டுக்கு, நாற்பது நிமிடம். அதைத்தான் நான் ஏழு நாளாக ஆக்கினேன்.

மெற்றில்டா அக்காவின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்தார். அவருடைய மகளுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்திருந்தன. நான்காவது அப்போது ஐந்து மாதம். "தங்கச்சி, நானும் மாதாவுக்கு நேந்து வைச்சிருக்கிறன். கொண்டுபோக ஆளில்லை. காரிலை இடம் இருக்கோ?" என்றார். ஓம் என்றேன். அவரும் மகளும் பின்னால், நானும் பின்னால். அக்காவின் கணவருக்கு முழங்கால் மடியாது, அவருக்கு முன் இருக்கை. ஓட்டுவது அப்பா. எண்ணிப் பார், ஐந்து. கர்ப்பிணிப் பிள்ளையை வைத்துக்கொண்டு மலை வளைவுகளில் ஒரு வாரம் சுற்ற முடியாது. ஏழு நாள் இரண்டு நாளானது. அக்காவைக் குறை சொல்லாதே. அவர் தனக்குத் தேவையானதைக் கேட்டார். இல்லை என்று சொல்லும் வாய் என்னிடம்தான் இருந்தது.

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பெடியன்?"

"அவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்குத்தானே. பிறகு ஒருக்காப் போகலாம்."

"இது அவன்ர பிளான். அவனை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது? நீ அவையளுக்கு ஏலாதெண்டு சொல்லு."

"நேர்த்திக்காரரை இறக்கிப்போட்டு இலை பாக்கப் போனால் சனம் என்ன சொல்லும்?"

"சனம் இலையைப் பாத்ததில்லை. அதாலை சொல்லும்," என்றார். பிறகு, "அவனைக் கேள். அவன் ஓமெண்டால் மட்டும் போவம்," என்றார்.

இனித்தான் நான் எழுத வேண்டியது. வியாழக்கிழமை நான் வந்தபோது அப்பா வேலையில் இருந்தார். நீ உன் பையை அடுக்கிக்கொண்டிருந்தாய். மழைச் சட்டையை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று என்னைக் கேட்டாய். நான் உன்னைக் கேட்கவில்லை. "காரிலை இடமில்லை மகன். அப்பாதான் சொன்னவர், உனக்குப் பள்ளிக்கூடமாம், நிக்கட்டாம்" என்றேன்.  மழைச் சட்டையைத் திரும்ப அலுமாரியில் கொழுவினாய். சிஞ்ஞோரா வீட்டிலிருந்து அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, "கேட்டனான், அவன் ஓமெண்டிட்டான்" என்றேன். உன்னிடம் அப்பா சொன்னார் என்றும், அப்பாவிடம் நீ சம்மதித்தாய் என்றும் சொல்லிவிட்டேன். இருவரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டீர்கள். ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை வெளித்திருக்கும். தகப்பனும் மகனும் அப்படிக் கேட்டுக்கொள்ள மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் சொன்னேன்.

நாங்கள் போனோம். செபமாலை சொல்லிக்கொண்டே போனோம். மதோனியே மலைக்குத் திரும்பும் வழியில் அப்பா காரின் வேகத்தைக் குறைத்தார். மெற்றில்டா அக்காவின் கணவர், "என்ன தம்பி, பெற்றோலோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை," என்று மறுபடி வேகமெடுத்தார். திரும்பி வரும்போது மலையின் மேல் முகில் மூடியிருந்தது. "அங்கை மேலை இப்ப மஞ்சளாய் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. அக்காவின் பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் முன் வரிசையில் நின்று பாடுகிறாள். அவளைப் பார்க்கும்போது அந்தப் பயணமே பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உன்னை அதற்கு விலையாக வைத்ததுதான் பிழை.

அதற்குப் பிறகு நீ அப்பாவோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாய். புதன்கிழமைகளில் வீட்டில் நிற்காமல் பந்தடிக்கப் போய்விடுவாய். அப்பா என்னிடம் கேட்டார்: "ஏனப்பா இவன் என்னோட கதைக்கிறானில்லை?" நான், "அந்த வயசு அப்பிடி" என்றேன். இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். அடுத்த ஐப்பசிக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த மாசியில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. செத்தவீட்டுப் பூசையில் இரண்டு சொல் பேசும்படி பாதர் உன்னைக் கேட்டார். நீ மாட்டேன் என்று தலையாட்டினாய். அழுகை என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். செத்தவீடு கழிந்து அவருடைய உடுப்புகளை எடுத்தபோது அடியில் நீலக் கொப்பி இருந்தது. உன் ஏழு பக்கத்துக்குப் பின்னால் அப்பா இன்னும் ஏழு பக்கம் எழுதியிருந்தார். அடுத்த வருடத்துக்கான திட்டம், முழுக்கத் தமிழில். நெப்ரொதியில் ஒரு மலை ஊரின் கோப்பிக் கடையான பார் ஒன்று, அதன் தொலைபேசி இலக்கம், பக்கத்தில் "இலை மாறினதோ எண்டு இவரைக் கேட்கலாம்" என்று குறிப்பு. முதல் வரியில்: "முன் சீற் மகனுக்கு. படம் பார்த்து வழி சொல்ல."

ஒரு சாட்சியை வைத்துச் செய்தி எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலின் இன்னொரு விதி. அந்த இலக்கத்துக்கு அழைத்தேன். பாரின் சொந்தக்காரர் எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதத்தில், பலேர்மோவிலிருந்து ஒரு வெளிநாட்டுக்காரர் அழைத்து இலைகளைப் பற்றிக் கேட்டது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். "இலைக்காக யார் எடுப்பார் சிஞ்ஞோரா? அவர் ஒருவர்தான். அடுத்த வருடமும் எடுத்தார். இத்தாலியன் சரியாக வராது, ஆனால் மகன் நன்றாகப் பேசுவான், அவனோடு வருவேன் என்றார். வரவில்லையே?" வரவில்லை என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. ஆக, எழுத்தில் ஒரு சாட்சி, வாய்மொழியில் ஒரு சாட்சி. செய்தி உறுதியாகிவிட்டது. அதை நான் பதினொரு வருடம் வெளியிடாமல் வைத்திருந்தேன். நீ படித்துக்கொண்டிருக்கிறாய், இப்போது வேண்டாம் என்றேன். வேலை தேடுகிறாய், வேண்டாம் என்றேன். கொப்பி சிஞ்ஞோரா வீட்டில், என் கட்டிலின் கீழுள்ள பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தப் பாருக்கு மட்டும் அழைக்கிறேன். அவர் என் குரலைக் கேட்டதும், "இலைகளின் சிஞ்ஞோரா!" என்பார். இந்த வருடம் சீக்கிரம், இந்த வருடம் மழை பிந்திவிட்டது, முந்தாநாள் அடித்த காற்றில் எல்லாம் போய்விட்டது என்று சொல்லுவார். நன்றி சொல்லி வைப்பேன். ஒரு தடவையும் போனதில்லை.

போன மாதம் நீ இந்தப் பயணத்தைப் பற்றி முதலில் கதைத்தபோது ஒரு வசனம் சொன்னாய். "அப்பாவுக்கு இலையிலை ஒரு விருப்பமும் இல்லை அம்மா. சும்மா எனக்காண்டித் தலையாட்டினவர்." நான் பேசாமல் இருந்தேன். அன்றிரவு சரியாக நித்திரை வரவில்லை. மூன்றாவது தடவையும் அதே பொய்யைச் சொன்னது போலிருந்தது.

திட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருந்தாய். கார் உன்னுடையது, நான் வந்தாலும் வராவிட்டாலும் இவற்றைப் பார்த்துக்கொள். ஏழாம் நாள் மிக நீளம். சீலாவிலிருந்து பலேர்மோ, இடையில் கப்பல், ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ஆறாம் நாள் பின்னேரமே இறங்கி நீரிணைக்குப் பக்கத்தில் தங்கு. நீ போகிற வாரத்தில்தான் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள், பின்னேரம் ஐந்துக்கே இருட்டிவிடும். மலை ஓட்டத்தைக் காலையில் வை. பீச் மரம் உயரத்தில் நிற்பது, முதலில் மாறும். எட்னாவின் பேர்ச் மரங்களைக் காற்றுக்கு முன் பார்த்தால்தான் உண்டு. கஷ்கொட்டை மரம் கீழே, அது உனக்காகக் காத்திருக்கும். அறைகளை மாற்றக்கூடிய மாதிரிப் பதிவு செய், இலை திட்டத்தைக் கேட்டு மாறுவதில்லை. நேற்றுப் பாருக்கு அழைத்தேன். மேலே பாதி மாறிவிட்டதாம், இன்னும் பத்து நாளில் உச்சமாம். மூன்றாம் நாளை அசைக்காதே. இன்னொன்றும் உண்டு, இது பயணத்துக்கு மட்டுமானதல்ல. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல். வெட்கத்தில் ஒரு நல்ல காரணத்தை முன்னால் வைத்தால், பிறகு அந்தக் காரணம்தான் காரை ஓட்டும்.

போன ஞாயிறு மெற்றில்டா அக்கா முற்றத்தில் கேட்டார்: "லீவு எடுத்திருக்கிறியாம். எங்கை?"

"மகன் இலை பாக்கப் போறான் அக்கா. என்னையும் கேட்டவன்."

"இலையோ?"

"ஓம். மரத்திலை இருக்கிற இலை. மஞ்சளாய் வருமாம்."

"விசர்," என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "என்னையும் கூட்டிக்கொண்டு போவியளோ? இடம் இருக்கோ?" என்றார். கேலியா உண்மையா என்று தெரியவில்லை.

"என்னைக் கேக்காதையுங்கோ அக்கா. எனக்கே இடம் இருக்கோ தெரியாது," என்றேன். 

நாளை வியாழக்கிழமை. கொப்பியையும் இந்தக் கடிதத்தையும் உன் அறைக் கதவுக்குக் கீழே வைத்துவிட்டு வருவேன். முதலில் கொப்பியைப் படி. அப்பாவின் தமிழ் எழுத்து உனக்குக் கஷ்டம் என்று தெரியும், எழுத்துக்கூட்டிப் படி, யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நான் இடையில் நின்று சொல்லாமல் அவர் உன்னோடு நேரே கதைக்கப் போவது இதுதான் முதல் தடவை. அதன் பிறகு உனக்குத் தனியே போக வேண்டும் போலிருந்தால் போ. ஞாயிறுக்குள் பதில் வராவிட்டால் அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வேன். சிஞ்ஞோராவிடம் லீவு வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும்.

முன் இருக்கை யாருடையது என்று கொப்பியில் எழுதியிருக்கிறது. நீ ஓட்டப் போகிறாய், அதனால் அது அவருக்கு. கொப்பியை அதில் வை. நான் பின்னால் இருந்துகொள்வேன், வழி சொல்ல மாட்டேன்.

மகன், காரிலை எனக்கு ஒரு இடம் இருக்கோ?

அம்மா